மத்ததெல்லாம் குப்பை

"எது வேணும்னு வாயைத் திறந்து சொல்லுங்க அண்ணி. சொன்னதை வெச்சுக்கறேன். மத்ததெல்லாம் குப்பை."

கையில் துடைப்பத்தோடு நின்று கரண்டு இப்படிச் சீறியபோது நாத்தனார் தலையைத் தூக்கவில்லை. தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்து, ஊசிக் காதில் நூலை நுழைக்கப் பத்து நிமிடமாகப் போராடிக்கொண்டிருந்தாள். நூல் ஊசிக்கு இந்தப் பக்கம் போனது, அந்தப் பக்கம் போனது, காதுக்குள் மட்டும் போகவில்லை.

"எது வேணும்னு தேடறப்பதான் தெரியும். முன்னாடியே தெரிஞ்சிருந்தா நான் எதுக்கு மூட்டை கட்டி வெக்கறேன்?" என்றாள்.

கரண்டுக்கு அந்தப் பதில் போதவில்லை. அவளுக்கு எந்தப் பதிலும் போதாது. கட்டிலுக்கு அடியில் ஒன்பது மூட்டைகள். துணி வெட்டும்போது விழுந்த துண்டு, தேய்ந்த பித்தான், கிழிந்த பை என்று வருடக்கணக்காகச் சேர்ந்தது. காலை நீட்டினால் மூட்டை, குனிந்தால் மூட்டை. விடாமல் நச்சரித்த பிறகு, பெரிய கத்திரி, நூல் டப்பா, அளவு நாடா, எண்ணெய்ப் புட்டி இந்த நாலும் வேண்டும் என்று நாத்தனார் விரல் மடக்கிச் சொன்னாள், சனியன் விட்டால் போதும் என்று. அவ்வளவுதான். நாலையும் எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு, ஒன்பது மூட்டையையும் தெருமுனைக் குப்பை வண்டியில் ஏற்றிவிட்டுத்தான் கரண்டு கை கழுவினாள்.

மறுநாள் ஒரு வாடிக்கைக்காரர் சட்டை தைக்கத் துணி கொண்டுவந்தார். நாத்தனார் கட்டிலுக்கு அடியில் கையை விட்டுத் துழாவினாள். வெறும் தரை. அதற்கப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. ஒரு மூட்டையில் பழைய செய்தித்தாளில் வெட்டிய அளவுகள் இருந்தன. ஒரு தோள் இறங்கினவர், கூன் விழுந்தவர், வயிறு சரிந்தவர் என்று இருபது வருட வாடிக்கைக்காரர்களின் உடம்பு அத்தனையும் அந்தக் காகிதத்தில்தான் இருந்தது. கண் மங்கின பிறகு அதைத் துணிமேல் விரித்து, விரலால் ஓரத்தைத் தடவித் தடவித்தான் அவள் வெட்டிக்கொண்டிருந்தாள். அது கரண்டுக்குத் தெரியாது. நாத்தனார் சொன்னதும் இல்லை. தையல்காரிக்குக் கண் தெரியவில்லை என்று தெரிந்தால் எவர் துணி கொடுப்பார்?

அன்றிலிருந்து நாத்தனார் பேச்சை நிறுத்தினாள். சாப்பாட்டுத் தட்டைத் தள்ளுவாள், தண்ணீர் செம்பைத் தள்ளுவாள், வாயை மட்டும் திறக்க மாட்டாள். சத்தம் போடுகிறவளைச் சமாளிக்கலாம். பேசாதவளை என்ன செய்வது? கரண்டு வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தாள்.

கரண்டு என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. ஆஸ்பத்திரியில் வைத்தது. தொட்டால் அடிக்கும் என்பதற்காக வைத்தார்கள் என்று ஒரு கட்சி, நின்ற இடத்தில் நிற்காமல் ஓடிக்கொண்டே இருப்பதால் வைத்தார்கள் என்று ஒரு கட்சி. இரண்டும் உண்மை. நின்றுகொண்டேதான் சாப்பிடுவாள். செருப்பை மாட்டிக்கொண்டே கதவைப் பூட்டுவாள். எதிராளி பாதிப் பேச்சில் இருக்கும்போதே மீதியை இவள் முடித்துவிடுவாள், பெரும்பாலும் தப்பாக. இருபத்தொன்றாம் வயதில் ஒரு லாரி டிரைவரைக் கட்டிக்கொண்டாள். அவரோடு கூடவே வந்தது அவருடைய அக்காவும் ஒரு தையல் மெஷினும். அவர் மாதத்தில் இருபது நாள் சாலையில் இருப்பார். ஆக, கரண்டு குடும்பம் நடத்தியது புருஷனோடு என்பதைவிட நாத்தனாரோடு என்பதுதான் சரி. பிள்ளை இல்லை. அதைப் பற்றி யாராவது விசாரித்தால் அன்றைக்கு நிஜமாகவே அடிக்கும்.

ஆஸ்பத்திரியில் முதலில் தரை துடைக்கச் சேர்ந்தாள். அப்புறம் நோயாளிகளின் காகிதக் கட்டுகளை வார்டுக்கும் ரெக்கார்டு அறைக்கும் சுமந்தாள். மற்றவர்கள் ஒரு நடை போவதற்குள் இவள் மூன்று நடை போய்வருவதைப் பார்த்து, ரெக்கார்டு அறையிலேயே ஒரு நாற்காலி கொடுத்தார்கள். சக்கரம் வைத்த நாற்காலி. அதில் உட்கார்ந்தும் அவள் நிலையாக இருந்ததில்லை. காலால் உந்தி உந்தி அலமாரிக்கும் மேசைக்கும் உருண்டுகொண்டே இருப்பாள். பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவள், கம்ப்யூட்டரை ஒரே வருடத்தில் தட்டத் தெரிந்துகொண்டாள். பிழையும் உண்டு, வேகமும் உண்டு. வேகத்தைத்தான் எல்லாரும் பார்த்தார்கள்.

நாத்தனார் பேச்சை நிறுத்தியிருந்த அந்தச் சமயம் பார்த்து ஆஸ்பத்திரிக்கு வெளியூரிலிருந்து ஒரு கண் டாக்டர் வருவதாக ஏற்பாடு ஆனது. ஆறே நாள். இருநூற்று நாற்பது பேருக்குப் புரை எடுப்பார், போய்விடுவார். மறுபடி எப்போது வருவார் என்று யாருக்கும் தெரியாது. பெயர் கொடுத்தவர்களோ ஆயிரத்து இருநூறு பேர். யாருக்குக் கண் ரொம்ப மோசமோ அவருக்கு முதலில் என்று இடம் ஒதுக்குவார்கள். இடம் கிடைத்தவருக்குத் திங்கட்கிழமை போனில் செய்தி வரும். வியாழக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குள் சம்மதம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அந்த இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

நாத்தனாருக்கு இடது கண் சின்ன வயதிலேயே போய்விட்டது. இருப்பது வலது கண் ஒன்று. அதில்தான் இப்போது பால் சிந்தினாற்போலப் புரை. வீட்டில் யாரிடமும் சொல்லாமல், எதிர்வீட்டு இஸ்திரிக்காரியைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போய் அவள் பெயர் கொடுத்துவிட்டு வந்தாள். இஸ்திரிக்காரி வாயில் எது தங்கும்? அன்று மாலையே கரண்டுக்குத் தெரிந்துவிட்டது. கேட்டுக்கொண்டு, தெரியாத மாதிரி இருந்துவிட்டாள்.

ஆயிரத்து இருநூறு பெயரில் அநேகமாக எல்லாவற்றுக்கும் போன் நம்பர் இருந்தது. ஆனால் அது இருந்த லட்சணம் சொல்லி மாளாது. கவுன்ட்டரில் விண்ணப்பம் எழுதிக்கொண்டவர் மக்கள் சொன்னதைச் சொன்னபடி கம்ப்யூட்டரிலும் அடித்து வைத்திருந்தார். ஒன்றில் நடுவே இடைவெளி, ஒன்றில் கோடு, ஒன்றில் அடைப்புக்குறி, ஒன்றில் மூன்று வரிக்குக் கதை. செய்தி அனுப்பும் கம்பெனிக்காரன் வெறும் எண்தான் வேண்டும், வேறு எதுவும் கலந்திருந்தால் போகாது என்றான். ஒவ்வொன்றாகத் திருத்தினால் ஒரு வாரம் ஆகும் என்று கண்காணிப்பாளர் அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார்.

வாரத்தில் இரண்டு நாள் வந்துபோகும் கம்ப்யூட்டர் சார்தான் கரண்டுக்கு அந்த வித்தையைக் காட்டினார். தேடும் கட்டத்தில் சதுர அடைப்புப் போட்டு, அதற்குள் சைபர் முதல் ஒன்பது வரை என்று எழுதினால், இந்தப் பத்தில் ஒன்று எங்கே இருந்தாலும் பிடி என்று அர்த்தம். அதே அடைப்புக்குள் எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு சின்னத் தொப்பியை வைத்தால் போதும், அப்படியே தலைகீழ். இந்தப் பத்தைத் தவிர வேறு எது இருந்தாலும் பிடி என்று ஆகிவிடும். ஒரு துண்டுக் காகிதத்தில் [^0-9] என்று எழுதிக் கொடுத்தார். தொப்பி முதலில் இருக்க வேண்டும், நடுவில் வைத்தால் அது வெறும் தொப்பி, அடைப்புக்கு வெளியே வைத்தால் வேறு அர்த்தம் என்றார். பிடித்ததை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒன்றும் வைக்காதே என்று உத்தரவு கொடுத்தால், எண்கள் மட்டும் மிஞ்சும். செய்வதற்கு முன்னால் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளவும் சொன்னார். அதைச் சொல்லும்போது கரண்டு பாதிப் பேச்சில் எழுந்து போய்விட்டாள்.

அந்த வித்தை அவளுக்குப் பிடித்த பிடி கொஞ்சமா? குப்பை எது எது என்று பட்டியல் போட வேண்டாம். இடைவெளியா, கோடா, எழுத்தா என்று யோசிக்க வேண்டாம். வேண்டியது எது என்று மட்டும் சொல்லு, மிச்சம் எல்லாம் போகட்டும். வாழ்நாள் முழுக்க அவள் வீட்டில் கத்திக்கொண்டிருந்த நியாயத்தை யாரோ ஒரு புண்ணியவான் அடைப்புக்குள் எழுதி வைத்திருக்கிறான் என்று தோன்றியது.

ஒரு தட்டு தட்டினாள். ஆயிரத்து இருநூறு வரியும் ஒரு நொடியில் துடைத்துவிட்டது போல ஆனது. சரிபார்க்கவும் செய்தாள், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் எதை வைத்துப் பார்த்தாள்? அதே தொப்பியை வைத்து. எண் அல்லாதது எங்காவது ஒன்றாவது மிச்சம் இருக்கிறதா என்று தேடினாள். இல்லை என்றது. அந்தக் கேள்விக்கு அந்தப் பதில் சரிதான். கேள்விதான் போதாது. அது அப்போது அவள் புத்திக்கு எட்டவில்லை. கண்காணிப்பாளர் அம்மா எல்லார் முன்னாலும் அவளைப் பாராட்டினார். கரண்டு நாற்காலியில் உருண்டு ஒரு சுற்றுச் சுற்றினாள்.

திங்கட்கிழமை செய்திகள் பறந்தன. இடம் கிடைத்தவர்கள் பட்டியலில் நாத்தனார் பெயர் நூற்றுப் பன்னிரண்டாவதாக இருந்ததைக் கரண்டு தன் கண்ணால் பார்த்தாள். வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. வீட்டுக்கு ஓடிப் போய்ச் சொல்லலாம் என்று செருப்பைக்கூட மாட்டிவிட்டாள். அப்புறம் ரோஷம் வந்தது. செய்தி அவளுக்கே போயிருக்கும். அவளே வாயைத் திறந்து சொல்லட்டும். நாற்பது நாளாக ஊமையாக இருக்கிறாளே, இதைச் சொல்லவாவது திறக்க மாட்டாளா?

திறக்கவில்லை. திங்கள் மாலை நாத்தனார் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்தப் போனின் பேட்டரி சோகை பிடித்தது, ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை செத்துப் பிழைக்கும். கரண்டு வேண்டுமென்றே பக்கத்தில் போய் நின்று துணி மடித்தாள். பாத்திரத்தை உருட்டினாள். ஒன்றும் நடக்கவில்லை. செவ்வாயும் அப்படியே. நல்ல சேதியை எனக்குத் தெரியக் கூடாது என்று மடியில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், நெஞ்சு முழுக்க அழுத்தம் என்று கரண்டு நினைத்தாள்.

நாத்தனார் நினைத்தது வேறு. பக்கத்துத் தெருக் காய்கறிக்காரருக்குச் செய்தி வந்துவிட்டது. பேருந்து நிலையத்தில் பூட்டு ரிப்பேர் செய்கிறவருக்கு வந்துவிட்டது. இரண்டு பேருக்கும் இவளைவிடக் கண் நன்றாகத் தெரியும். தனக்கு மட்டும் வரவில்லை என்றால் நடுவில் யாரோ தடுத்திருக்க வேண்டும். ரெக்கார்டு அறையில் உட்கார்ந்திருப்பது யார் என்று அவளுக்குத் தெரியாதா? இதை அவள் இஸ்திரிக்காரியிடம் சொன்னாள். அதிசயமாக, இதை மட்டும் இஸ்திரிக்காரி வெளியே விடவில்லை.

புதன்கிழமை கரண்டுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்தாள். மூன்று தடவை தொண்டையைச் செருமினாள். மூன்று தடவையும் நாத்தனார் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அந்த வீட்டில் இரண்டு பேரும் ஒரே செய்திக்குத்தான் காத்துக்கொண்டிருந்தார்கள், ஒருத்தி அது வந்துவிட்டது என்று நினைத்து, இன்னொருத்தி அது தடுக்கப்பட்டது என்று நினைத்து.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்குக் கண்காணிப்பாளர் அம்மா ஒரு தாளைக் கொண்டுவந்து வைத்தார். இன்னும் சம்மதம் சொல்லாதவர்கள் இருபத்து மூன்று பேர். நாலு மணிக்கு இவர்கள் இடத்தையெல்லாம் அடுத்தவர்களுக்கு மாற்றத் தயாராக இரு என்றார். கரண்டு தாளை மேலிருந்து கீழே ஓட்டினாள். நாத்தனார் பெயர் அங்கே இருந்தது.

வீம்புக்குக் கண்ணையே இழப்பாளா ஒருத்தி? கோபத்தோடுதான் அந்த வரியைத் திறந்தாள். நம்பரைப் பார்த்ததும் கோபம் போன இடம் தெரியவில்லை. அது ஒரு நம்பரா? கூட்ஸ் வண்டி மாதிரி நீளமாகக் கிடந்தது. ஒரு நம்பருக்கு எத்தனை எண் இருக்குமோ அதைப்போல இரண்டு பங்கு. முதல் பாதி நாத்தனாருடையது. பின்பாதி இஸ்திரிக்காரியுடையது. இரண்டையும் ஒட்டவைத்தது யார்?

அவளேதான். நாத்தனார் இரண்டு நம்பர் கொடுத்திருக்கிறாள், நடுவில் ஒரு சாய்ந்த கோடு. எண்ணைத் தவிர மற்றதெல்லாம் போ என்றதும் கோடும் போய்விட்டது. கோடு எண் இல்லையே. வேண்டியவை என்று சொன்ன பட்டியலில் அது இல்லையே.

மற்றவற்றையும் திறந்தாள். இருபத்து மூன்றில் பதினேழு கூட்ஸ் வண்டிகள். இரண்டு பேருக்கு நம்பரே இல்லை, கட்டம் காலி. எண் அல்லாதது இருக்கிறதா என்று தேடினால் காலிக் கட்டம் எப்படி அகப்படும்? ஏதாவது ஒன்று இருந்தால்தானே தொப்பி பிடிக்கும். ஒன்றுமே இல்லாததை அது கண்டுகொள்ளாது. மிச்ச நாலு பேர் நிஜமாகவே சோம்பேறிகள். போகாத செய்திகளின் பட்டியலைக் கம்பெனிக்காரன் திங்கட்கிழமையே அனுப்பியிருந்தான். அதை ஒருவரும் திறந்து பார்க்கவில்லை.

கரண்டு கண்காணிப்பாளர் அம்மாவின் அறைக்குள் கதவைத் தட்டாமல் போனாள். தப்பு என்னோடது, கம்ப்யூட்டர் சார் நகல் எடுக்கச் சொன்னார், நான் எடுக்கவில்லை என்று நின்ற வாக்கில் சொன்னாள். அம்மா திட்டவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார்.

"நாலு மணிக்கு லிஸ்ட் போயிடும். அதை நிறுத்த என்னால முடியாது. அதுக்குள்ள உன்னால எத்தனை பேரைப் பிடிக்க முடியுமோ பிடி."

பாதியாகப் பிளந்தால் தீர்ந்தது என்று நினைத்தாள். அதுவும் நடக்கவில்லை. சிலர் மூன்று நம்பர் கொடுத்திருந்தார்கள். சிலர் வீட்டு எண்ணையும் சேர்த்துச் சொல்லியிருந்தார்கள், அந்தப் பதினாலும் இருபத்தேழும் நம்பரோடு கலந்துவிட்டது. வேறு வழியில்லை, கையால் எழுதின விண்ணப்பங்களைத்தான் பார்க்க வேண்டும். அவை தாழ்வாரத்தின் மறுகோடியில் ஸ்டோர் அறையில் சாக்கில் கிடந்தன. ஓடினாள். ஒரு சாக்கைக் கவிழ்த்துத் தேடினாள், ஒரு கை நிறைய எடுத்துக்கொண்டு திரும்பி ஓடினாள். மறுபடி ஓடினாள். தாழ்வாரத்து பெஞ்சில் காத்திருந்தவர்கள் காலை உள்ளே இழுத்துக்கொண்டார்கள்.

காகிதத்தைப் பார்த்தபோதுதான், தான் துடைத்தது என்ன என்று அவளுக்குத் தெரிந்தது. ஒருவர் நம்பருக்குப் பக்கத்தில், காலையில மட்டும் எடுப்பாங்க என்று இருந்தது. இன்னொருவர், காது கேக்காது, சத்தமா பேசணும் என்று சொல்லியிருந்தார். ஒரு கிழவர் பால்காரர் வீட்டு நம்பரைக் கொடுத்து, பால்காரரின் மனைவி நல்ல மாதிரி, அவரிடம் சொன்னால் போதும் என்று சொல்லியிருந்தார். அத்தனையையும் கவுன்ட்டர்க்காரர் பொறுமையாக எழுதியிருந்தார். பாவி மனுஷன், அவரைத்தான் இவள் போன வாரம் கிண்டல் பண்ணினாள்.

போனை எடுத்துக் கூப்பிட ஆரம்பித்தாள். காது கேட்காதவரிடம் தொண்டை கிழியக் கத்தினாள், பக்கத்து அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். பால்காரரின் மனைவி நிஜமாகவே நல்ல மாதிரி, போனைக் கையில் பிடித்தபடியே மூன்று வீடு தாண்டி ஓடினாள். மூச்சிரைக்கும் சத்தம் கரண்டுக்குக் கேட்டது. ஒருவர் சம்மதம் சொல்லாமல் அழுதார். அழுகையைச் சம்மதமாக எடுத்துக்கொள்ள முடியாது, வாயால் சொல்லுங்கள் என்று அதட்டி வாங்கினாள். சாப்பாட்டு மணி அடித்தது, போய்விட்டது.

நாத்தனாருடைய விண்ணப்பம் பதினோராவதாகக் கைக்கு வந்தது. இரண்டு நம்பர். நடுவில் அந்தச் சாய்ந்த கோடு. அதற்குக் கீழே கவுன்ட்டர்க்காரரின் கையெழுத்தில் ஒரு வரி: இஸ்திரிக்கார அம்மாவிடம் சொன்னால் போதும், வீட்டில் சொல்ல வேண்டாம்.

கரண்டு அந்தக் காகிதத்தைக் கவிழ்த்து வைத்தாள். தண்ணீர் குடித்தாள். அடுத்த நம்பரைக் கூப்பிட்டாள்.

மூன்று பத்துக்குக் கூட்ஸ் வண்டிகளில் பதினாறு முடிந்திருந்தது. காலிக் கட்டக்காரர்களின் விண்ணப்பத்திலும் நம்பர் இல்லை, முகவரி மட்டும் இருந்தது. அவர்களைக் கூட்டிவர ஆஸ்பத்திரி வண்டி ஓட்டுகிறவரை விரட்டியாகிவிட்டது. சோம்பேறிகள் நாலு பேரையும் பிடித்தாகிவிட்டது, இரண்டு பேர் வருகிறேன் என்றார்கள், இரண்டு பேர் பயமாக இருக்கிறது என்று விலகினார்கள். மிச்சம் இருந்தது கவிழ்த்து வைத்த காகிதம்.

நாத்தனார் போனுக்கு அடித்தாள். செத்துக் கிடந்தது. இஸ்திரிக்காரிக்கு அடித்தாள்.

"அவங்க காலையிலேயே ஆஸ்பத்திரிக்கு வந்துட்டாங்களே. உன்கிட்ட வரலையா?" என்றாள் இஸ்திரிக்காரி. "வர மாட்டாங்கதான்" என்று அவளே சொல்லிக்கொண்டாள்.

அப்போது ஒன்று நடந்தது, சொல்லத்தான் வேண்டும். கரண்டின் விரல் கம்ப்யூட்டரில் நாத்தனார் பெயருக்கு நேரே இருந்த கட்டத்துக்குப் போனது. சம்மதம் என்று ஒரு தட்டு. யார் கேட்கப் போகிறார்கள்? தன் வீட்டு மனுஷி, தனக்குத் தெரியாதா அவளுக்குக் கண் வேண்டும் என்று? விரல் அங்கேயே நின்றது. வீட்டில் சொல்ல வேண்டாம் என்று ஒருத்தி எழுதச் சொல்லியிருக்கிறாள். ஒன்பது மூட்டையையும் தனக்குத் தெரியும் என்றுதானே தூக்கிப் போட்டாள். விரலை எடுத்தாள். நாற்காலியைப் பின்னால் உதைத்துவிட்டு வெளியே ஓடினாள்.

ரொம்ப தூரம் ஓட வேண்டியிருக்கவில்லை. ஸ்டோர் அறைக்குப் போகிற தாழ்வாரத்தில், காலை உள்ளே இழுத்துக்கொண்ட வரிசையில், கடைசி பெஞ்சில் நாத்தனார் உட்கார்ந்திருந்தாள். காலை ஒன்பது மணியிலிருந்து. கவுன்ட்டரில் கேட்டதற்குச் செய்தி வரும், போங்கம்மா என்றிருக்கிறார்கள். வீட்டுக்குப் போகவும் மனசில்லை, ரெக்கார்டு அறைக்குள் வரவும் மனசில்லை. அவளைத் தாண்டிக் கரண்டு இன்றைக்கு எட்டு நடை ஓடியிருக்கிறாள். கண் தெரியாதவள் பார்க்காதது சரி. கண் உள்ளவளும் பார்க்கவில்லை.

"அண்ணி."

நாத்தனார் குரல் வந்த பக்கம் திரும்பினாள். "நீதானா? செருப்புச் சத்தத்தைக் கேட்டு சந்தேகப்பட்டேன். காலையிலேர்ந்து ஒரு சனியன் ஓடுது, ஓடுதுன்னு."

"கூப்பிட்டிருக்கலாம்ல?"

"உன்னையா?"

கரண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள். மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னாள், தொப்பி, அடைப்பு, கோடு, கூட்ஸ் வண்டி என்று. நாத்தனாருக்குத் தொப்பி புரிந்ததா தெரியாது. கோடு புரிந்தது.

"நடுவுல கோடு போடுங்கன்னு நான்தான் அந்த ஆள்கிட்ட சொன்னேன்," என்றாள். "ரெண்டும் வேற வேறன்னு தெரியணுமே."

"அதையும் குப்பைன்னு நினைச்சிட்டேன்."

"மொதல்ல மூட்டை. இப்போ கோடு. அடுத்தது நான்தான் போல."

கரண்டு நிமிர்ந்து பார்த்தாள். சுவர்க் கடிகாரம் மூன்று முப்பத்தெட்டு என்றது. முழங்காலைப் பிடித்துக்கொண்டாள், அது தன்னால் ஆடிக்கொண்டிருந்தது.

"இன்னும் இருபது நிமிஷம்தான் அண்ணி இருக்கு. உங்களுக்கு இடம் கெடைச்சிருக்கு. நான் உங்களுக்காக எதுவும் சொல்லலை, சொல்லவும் மாட்டேன். நீங்க வாயைத் திறந்து சொல்லணும்."

"வேணும்னு சொன்னாத்தான் வெச்சுப்பியா?"

"ஆமா."

நாத்தனார் உடனே சொல்லிவிடவில்லை. கிழவிக்கு அவ்வளவு அவசரம் கிடையாது. போனை மடியிலிருந்து எடுத்துப் பைக்குள் போட்டாள், பையைத் தோளில் மாட்டினாள், எழுந்து நின்று துணியைச் சரிசெய்தாள். கரண்டு பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் நின்றாள். அந்த ஒரு நிமிடம் அவளுக்கு ஒரு பிரசவம்.

"வேணும்," என்றாள் நாத்தனார். "எங்க கைநாட்டு வெக்கணும், கூட்டிட்டுப் போ."

சனிக்கிழமை புரை எடுத்தார்கள். ஞாயிறு காலை கட்டைப் பிரித்தபோது, நாத்தனார் முதலில் பார்த்தது கரண்டின் முகத்தை. உனக்கு எப்போது இவ்வளவு நரை வந்தது என்று கேட்டாள். வீட்டுக்கு வந்ததும் கட்டிலில் படுத்தபடியே சுவரையெல்லாம் சுற்றிப் பார்த்தாள். உத்தரத்தில் ஒட்டடை, ஜன்னல் கம்பியில் அழுக்கு, அடுப்புக்குப் பின்னால் எண்ணெய்க் கறை. குப்பை குப்பை என்று குதித்தவள் வீட்டைப் பார் என்று சிரித்த சிரிப்பு எதிர்வீட்டு இஸ்திரிக்காரிவரைக்கும் கேட்டது. போனில் விசாரித்த லாரிக்காரரிடம், உன் பெண்டாட்டி என்னை இன்னும் தூக்கிப் போடவில்லை என்றாள்.

அதற்காக எல்லாம் சரியாகிவிட்டது என்று இல்லை. காகித அளவுகள் போனது போனதுதான். வாடிக்கைக்காரர்களை ஒவ்வொருவராக வரச் சொல்லி நாத்தனார் மறுபடி அளவு எடுத்தாள். இரண்டு பேர் இதற்குள் வேறு தையல்காரரிடம் போய்விட்டார்கள், ஒருவர் செத்தே போய்விட்டார். ஒவ்வொரு காகிதம் வெட்டும்போதும் அவள் கரண்டைப் பார்த்து ஒரு பார்வை பார்ப்பாள், புதுக் கண்ணால்.

ஆஸ்பத்திரியில் கரண்டு இப்போதும் தொப்பியை உபயோகிக்கிறாள். முதலில் நகல். பிறகு நகலில் இருக்கிற வரிகளில் முப்பதை வாய்விட்டுப் படிக்கிறாள். எண்ணோடு சாய்ந்த கோட்டையும் அடைப்புக்குள் சேர்த்து, இவற்றைத் தவிர என்று போடுகிறாள். துடைத்து முடித்த பிறகு நீளமானது எது, காலியானது எது என்று தனித்தனியாகத் தேடுகிறாள். இவ்வளவும் முடிய முக்கால் மணி நேரம் ஆகிறது. அந்த முக்கால் மணியும் நாற்காலி ஆடிக்கொண்டேதான் இருக்கிறது. சுபாவத்தை எந்த அடைப்புக்குள் போடுவது?

அடுத்த மாதம் சம்பளம் வந்ததும் நாத்தனாரைக் கூட்டிக்கொண்டு பாத்திரக் கடைக்குப் போனாள். கட்டிலுக்கு அடியில் போகிற உயரத்தில் ஒரு தகரப் பெட்டி வேண்டும் என்றாள். நாத்தனார் நாலு பெட்டியைத் திறந்து மூடி, மூலையைத் தட்டிப் பார்த்து, துரு இருக்கிறதா என்று புதுக் கண்ணை ஓட்டி, அரை மணி நேரம் எடுத்துக்கொண்டாள். கரண்டு கடை வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தாள். கடைசியில் பச்சைப் பெட்டி ஒன்று தேறியது. உள்ளே என்ன வைக்கப் போகிறீர்கள் என்று கடைக்காரர் கேட்டார். இன்னும் தெரியவில்லை என்றாள் நாத்தனார். பூட்டும் வேண்டும், சாவி தன்னிடம்தான் இருக்கும் என்றாள். கரண்டு வாயைத் திறந்தாள், மூடினாள், பையைத் திறந்தாள்.

பெட்டி அறுநூற்று ஐம்பது. பூட்டு தனியாக எண்பது.